பியானோவுக்குள் ஒரு கொண்டை ஊசி

கார்காலம் தன் முரசங்களையெல்லாம் அறைந்து ஓய்ந்துவிட்டது, கூதிர் பிறந்திருந்தது. மழைக்குப் பெய்யவும் மனமில்லை, விட்டு நீங்கவும் மனமில்லை. துவைத்துப் பிழியாத போர்வையைப் போல் வானம் கூரைகளின்மேல் கனத்துக் கிடந்தது. கதிரவன் இருக்குமிடம் இதுவென்று சொல்ல ஒரு வெண்மை மட்டும் மேகத்தின் பின்னே தயங்கி நின்றது. வாடை அசையும்தோறும் தெருமரங்கள் தாம் ஏந்தி வைத்திருந்த நீரை இரண்டாவது மழையாக உதிர்த்தன. சுவர்கள் வியர்த்தன. உப்பு இளகிற்று; தீக்குச்சி பற்ற மறுத்தது; கதவுகள் பருத்து நிலைக்குள் அடங்காமல் நின்றன. மரத்தால் ஆனவை யாவும், தாம் ஒருகாலத்தில் வேரோடு நின்று நீருண்டதை நினைந்தாற்போல, ஈரத்தை உறிஞ்சி விம்மின. படைத்தவன் ஆண்டுக்கொருமுறை தன் உலகத்தை ஊறவைத்து, எது தாங்கும், எது பிரியும் என்று பார்க்கும் பருவம் அது.

பிரிந்தவற்றுள் ஒன்று, ஓர் இசைப்பள்ளியின் பியானோத் தந்தி.

சென்ற வாரம் பள்ளியின் ஆண்டுக் கச்சேரியில், கூடம் நிறைந்திருக்க, ஒரு மாணவி வாசித்துக்கொண்டிருந்தபோது அது வெடிச்சத்தத்துடன் அறுந்தது. பிள்ளை அழுதாள், பெற்றோர் எழுந்தனர், விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தனர். இத்தனைக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் தேவைப்பட்டார். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவந்த அறுபது வயது மனிதர், சுருதிக்காரர் என்ற பெயரன்றி வேறு பெயரால் எவரும் அழைத்தறியாதவர், மாடிப்படிக்கு அடியிலுள்ள தம் சிற்றறையில் இருந்தார்.

“நாலு மணிக்குக் குழு கூடுது,” என்றார் தலைமையாசிரியை. “இவரை நீக்குற உத்தரவு தயாரா இருக்கு. காரணத்தையும் எழுதியாச்சு. ஆனா முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷரை ஒரே ஒரு அறிக்கையை வச்சு அனுப்ப எனக்கு மனசு வரல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

கூப்பிடப்பட்ட அம்மையார் பல்லாண்டுகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அமர்ந்து, உடைந்தது, எரிந்தது, நனைந்தது என்று வந்த பொருள்களின் மெய்யையும் பொய்யையும் பிரித்தவர். அவருடைய நாக்கு பட்ட இடம் தேய்ந்து போகும் என்பதால் சக ஊழியர்கள் அவருக்கு அரம் என்று பெயரிட்டிருந்தனர். துப்பறியும் தொழில் தொடங்கியபோது அவரும் அதையே பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டார். உடன் வந்தவள் அவருடைய கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைக்கும் ஓர்ப்படி. வாய் ஓயாது என்பதால் சிட்டு. திருமணத்துக்கு முன் மூன்றாண்டுகள் ஒரு பியானோப் பட்டறையில் வேலை பார்த்தவள். இந்த வழக்கில் பொருளை அவள் படிப்பதென்றும், ஆளை அரம் படிப்பதென்றும் வரும் வழியிலேயே பேசிக்கொண்டிருந்தனர்.

“இன்னும் பார்க்க என்ன இருக்கு?” என்றது பியானோவின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். “நான் பார்த்தாச்சு.”

நகரின் பெரிய இசைக்கருவிக் கடையின் உரிமையாளர் அவர். நிபுணர் என்று தம் அட்டையில் அச்சிட்டிருந்தார். ஈரக்காற்றிலும் கோட்டைக் கழற்றாதவர். அவ்வளவு நேர்த்தியான கோட்டுக்குப் பொருந்தாமல் காதிடுக்கில் ஒரு சிவப்புப் பென்சிலைச் செருகியிருந்தார்.

“கல்யாண மாப்பிள்ளை மாதிரி கோட்டு, மரவேலைக்காரர் மாதிரி காது,” என்று சிட்டு முணுமுணுத்தாள்.

“பதினொரு இடம்மா,” என்று கோட்டுக்காரர் விரல் நீட்டினார். “பதினொரு இடத்துல கை வச்சிருக்காங்க. ஒண்ணாவது உருப்படியா இருக்கா? சாவி யார்கிட்ட? இவர்கிட்ட. பியானோ இந்தக் கூடத்தை விட்டு வெளிய போனதா ஒரு காகிதம் இருக்கா? இல்ல. அப்புறம் என்ன துப்பு, என்ன துலக்கல்? இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல பியானோவா வாங்குங்க. தூக்கும்போதே இவரையும் சேர்த்துத் தூக்குங்க.”

“உங்க அறிக்கைல மூணாவது வரி ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றார் அரம். “ஒரு தடவை வாசிங்களேன். கண்ணாடி கொண்டுவர மறந்துட்டேன்.”

மூக்கின்மேல் கண்ணாடி இருக்கும்போதே அவர் இதைச் சொன்னார். கோட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. தம் எழுத்தைத் தாமே வாசிக்கும் இன்பம் அவரை ஆட்கொண்டிருந்தது. “‘இவ்வேலையைச் செய்த கை விறகு பிளக்கவும் தகுதியற்றது. இதற்குரியவர் தம் வாழ்நாளில் ஒரு பட்டறையின் வாசற்படியைக்கூட மிதித்தவர் அல்லர்.’”

“அழகு. நாலு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் அந்த வரியைப் பத்திரமா வச்சிருங்க.”

பியானோத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எவர் எந்தப் பியானோவின் மூடியைத் திறந்தாலும், முதலில் நாவால் முந்தையவனை அடிப்பார். பிறகுதான் கருவியை எடுப்பார். ‘எந்தப் படுபாவி இதுல கை வச்சான்?’ என்பதே அத்தொழிலின் கடவுள் வாழ்த்து. சிட்டு இருபதாண்டுக்கு மேல் தொழிலை விட்டிருந்தாலும் அந்த வழக்கம் அவளை விடவில்லை. முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள், கைவிளக்கை உள்ளே நீட்டினாள், வாயைத் திறந்தாள்.

“ஐயோ, அக்கா! இங்க வந்து பாருங்க. தந்தியைத் தட்டுற சுத்தியல் இருக்கே, அதோட காம்பு முறிஞ்சிருக்கு. மகராசன் பென்சிலை வச்சு ஒட்டுப் போட்டிருக்கான். சுருதி தப்பினா அழிச்சு எழுதலாம்னு நினைச்சானோ என்னமோ.”

“என்ன நிறப் பென்சில்?”

“சிவப்பு. பரீட்சைத் தாள் திருத்துன பென்சிலா இருக்கும். பியானோவுக்கு எத்தனை மார்க் போட்டானோ தெரியல.” விளக்கு நகர்ந்தது. “இந்தச் சுத்தியலுக்கு மெத்தை தேய்ஞ்சுபோச்சு. அதுக்குப் பழைய தொப்பியை வெட்டி ஒட்டியிருக்கான். வெயிலுக்கு ஆகும். அடடா, இது அதைவிடப் பிரமாதம்! ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்துல கொண்டை ஊசி!”

“அவன், அவன்கிறியே. அவனுக்கு ஏது கொண்டை ஊசி?”

“பொண்டாட்டி தலையிலிருந்து உருவியிருப்பான். அந்தப் புண்ணியவதி அன்னைக்கு முழுக்கத் தலைவிரி கோலமா திரிஞ்சிருப்பா.”

இப்படியே பத்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசை. வசைக்கு வசை புதிது. அரம் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சிட்டுவைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

“போன வாரம் அறுந்தது இந்தப் பத்துல எது?”

சிட்டு தேடினாள். “எதுவும் இல்ல. அறுந்தது இதோ, நடுவுல. பியானோ பிறந்தப்போ போட்ட தந்தி. யாரும் தொடவே இல்ல. தானா வயசாகிப் போயிருக்கு.”

“அப்போ இந்தப் பென்சில், தொப்பி, கொண்டை ஊசி?”

“கல்லு மாதிரி நிக்குது.” ஒப்புக்கொள்ள அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “குருட்டு அதிர்ஷ்டம்.”

“பத்து இடத்துலயும் குருட்டு அதிர்ஷ்டமா? அந்தக் காம்புல சுத்தியிருக்கிற நூல் எந்தப் பக்கமா போகுது பாரு.”

சிட்டு விளக்கை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு இடக்கை விரலால் நூலைத் தடவினாள். “இடப்பக்கமா. எல்லாத்துலயும் அப்படித்தான். இடக்கைக்காரன்.”

“அப்படியா?” என்றார் அரம். “வா. அந்த இடக்கையைத் தேடுவோம்.”

மாடிப்படியின் அடியிலிருந்த அறை, கதவைச் சாத்தினால் உள்ளிருப்பவர் குனிய வேண்டிய அளவு சிறியது. சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்த கருவிகளைச் சுருதிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். உத்தரவு வருமுன்பே மனிதர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்.

“பிடிங்க,” என்று சொல்லிக்கொண்டே அரம் ஒரு நூற்கண்டை வீசினார்.

சுருதிக்காரரின் வலக்கை தானாக நீண்டு அதைப் பிடித்தது. முறத்தைப் போன்ற கை. நூற்கண்டு அதற்குள் காணாமற்போயிற்று.

“வலக்கை. அதுவும் இந்த அளவு,” என்றார் அரம். “பியானோவுக்குள்ள இருக்கிற சந்துல இது நுழையாது. வேலை உங்களுது இல்ல.”

“அதைத்தான்மா முதல் நாளே சொன்னேன்.”

“யாருது?”

சுருதிக்காரர் நூற்கண்டைத் திருப்பிக் கொடுத்தார். “இருபத்திரண்டு வருஷம் முன்னாடி எனக்குப் பொண்ணு பிறந்தா. நாற்பது நாள் ஊர்ல இல்ல. சாவியை அப்போ இருந்த தலைமையாசிரியர்கிட்ட குடுத்துட்டுப் போனேன். அந்த வருஷம் பெய்ஞ்ச மழைல கூடத்துக் கூரை ஒழுகி, பியானோ நனைஞ்சு, அதை வெளிய அனுப்பித் திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. நான் வந்து திறந்தப்போ உள்ள இப்படித்தான் இருந்துச்சு. அந்தத் தலைமையாசிரியரும் காலமாயிட்டார். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.”

“எங்க அனுப்பினாங்க?”

சுருதிக்காரர் இன்னொரு கருவியை எடுத்துத் துணியில் சுற்றினார்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றார் அரம்.

“தெரிஞ்சாலும் சொல்றதா இல்லம்மா.”

சிட்டுவுக்குப் பொறுக்கவில்லை. “என்ன சார் இது? வேலை போகப் போகுது, பேர் போகப் போகுது. இனி ஊர்ல ஒரு வீட்ல கூட உங்களைப் பியானோ மூடியைத் திறக்க விடமாட்டாங்க. யாருக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க? அந்தப் படுபாவிக்காகவா?”

“அப்படிச் சொல்லாதீங்க,” என்றார் அவர். குரல் உயரவில்லை, ஆனால் அறை சிறியதாகையால் அது எல்லா மூலைக்கும் எட்டியது. “ஏதோ இக்கட்டுல செஞ்ச கை அது. கம்பி இல்ல, மெத்தை இல்ல, நேரம் இல்ல. கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்து வச்சுச் செஞ்சிருக்கு. சரியான சாமான் கிடைச்சதும் மாத்தணும்னு நானும் நினைச்சேன். வருஷா வருஷம் திறந்து பார்ப்பேன், அது நின்னுக்கிட்டு இருக்கும். நிக்கிறதை எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன். அந்தக் கையை நான் ஒரு நாளும் திட்டினதில்ல.”

சிட்டு வெளியே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். “சாமியார் மடத்துல இருக்கவேண்டியவர் மாடிப்படிக்கு அடியில இருக்காரு.”

“பதினொண்ணாவதைப் பார்த்தியா?” என்றார் அரம்.

“இல்ல. அது கீழ இருக்கு. அறிக்கைல ‘அழுக்குமூட்டைக்குப் போடும் முடிச்சு’ன்னு எழுதியிருக்கு.”

கூடத்துக்குத் திரும்பி, பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டுச் சிட்டு தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். காலால் மிதிக்கும் பெடல்களின் தண்டுகளுக்குப் பின்னால், தூணுக்கும் பின்பலகைக்கும் நடுவே, நான்கு விரல் அகலச் சந்து. அதன் உள்ளே தடித்த தந்தி ஒன்று இறங்கிச் சென்றது. விளக்கொளி அங்கே எட்டவில்லை. கையைத்தான் விட வேண்டியிருந்தது. இடக்கையைக் கவிழ்த்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி நுழைத்தாள்.

“ஆச்சரியம் பாருங்கக்கா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி கை உள்ள போகுது. எந்தப் பொடியன் இதுக்குள்ள…”

விரல்கள் முடிச்சைத் தொட்டன.

இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தன. வால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிராமல் வளையத்தின் கீழே செருகப்பட்டிருந்தன. அறுந்த தந்தியோடு புதுத்துண்டை இணைக்கப் பட்டறைக்காரர் எல்லாரும் போடும் முடிச்சுத்தான் அது. ஆனால் இது கண்ணாடியில் பார்த்தாற்போல் இடவலம் மாறியிருந்தது. அவள் வேலை பார்த்த பட்டறையில் அதை அப்படிப் போட்டவள் ஒருத்திதான். பட்டறை முதலாளி அதைப் பார்க்கும்தோறும் தலையிலடித்துக்கொள்வார்: ‘உன் முடிச்சை அவிழ்க்கணும்னா நான் தலைகீழா நிக்கணும்.’

ஈரக்கூடத்தின் தரை குளிர்ந்தது. சிட்டு அசையாமல் கிடந்தாள். காலையிலிருந்து தான் உதிர்த்த ஒவ்வொரு சொல்லும் வரிசையாகத் திரும்பி வந்து அவள் தலைமாட்டில் நின்றது. பென்சில். தொப்பி. தலைவிரி கோலம்.

“என்ன சிட்டு,” என்றார் அரம் மேலிருந்து, “வாய்க்கு விடுமுறையா?”

அவள் மெல்லக் கையை உருவினாள்; எழுந்து உட்கார்ந்தாள்; பாவாடையிலிருந்து தூசு தட்டுபவள்போலப் புடவையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். “எப்போ தெரிஞ்சது?”

“நூலைப் பார்த்ததுமே. நம்ம வீட்ல எல்லார் சட்டைப் பொத்தானும் இடப்பக்கமா சுத்தித்தானே தைச்சிருக்கு? அறிக்கையோட பின்பக்கத்துல இந்த முடிச்சோட படமும் இருந்துச்சு. மொட்டைமாடிக் கொடிக்கயிறு அறுந்தப்போ நீ போட்டியே, அதே முடிச்சு. தினமும் அதுலதான் என் துண்டைக் காயப் போடுறேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“நீ திட்டினது கேட்க நல்லா இருந்துச்சு. நான்கூட அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.”

சிட்டு சிரிக்க முயன்று தோற்றாள். “இது அப்போ கறுப்பு பியானோக்கா. இப்படித் தேன் நிறம் இல்ல. அதான் அடையாளம் தெரியல.”

“இப்போ இருக்கிற அம்மா வந்தப்புறம் சுரண்டி மெருகு போட்டாங்களாம். விசாரிச்சுட்டேன். மேல சொல்லு.”

“அந்த மழைக்கு முப்பது பியானோ பட்டறைக்கு வந்துச்சு. சரக்கு வண்டி ஓடல. கம்பி இல்ல, மெத்தைத் துணி இல்ல. முதலாளி சொன்னாரு, ‘கிடைச்சதை வச்சு நிறுத்து, ஒரு மாசம் தாங்கினா போதும், அப்புறம் ஒழுங்கா பண்ணிக்கலாம்’னு. நான் என் தலைல இருந்து ஊசியை உருவினேன். அவர் காதுல செருகியிருந்த பென்சிலைக்கூட உடைச்சு எடுத்துக்கிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயசு. அடுத்த மாசமே கல்யாணம். அப்புறம் அந்தப் பக்கம் போகல. அவரும் கொஞ்ச நாள்ல இறந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். மகன் ஒருத்தன் எங்கயோ தூரத்துல படிச்சுக்கிட்டு இருந்தான்.”

“காதுல பென்சிலா?”

“எப்பவும் சிவப்பு.”

அரம் அந்தப் பகலில் முதன்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நடுங்கியவர்கள் காப்பீட்டு அலுவலகத்தில் பலர். “மணி மூணே முக்கால். நாலு மணிக்கு இதைச் சொல்றது நானா, நீயா?”

சிட்டு கூடத்தின் வாசலைப் பார்த்தாள். அந்தக் கோட்டுக்காரர் சிரிக்கப்போகும் சிரிப்பு இப்போதே அவள் காதில் விழுந்தது. சொல்லாமல் போனால் எவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டவர். இன்னொருவர் சொல்லமாட்டேன் என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்.

“நான்தான்,” என்றாள்.

நான்கு மணிக்கு, குழு மாடியில் கூடிக்கொண்டிருக்க, தலைமையாசிரியை உத்தரவுத் தாளுடன் கூடத்துக்கு வந்தார். கோட்டுக்காரர் வந்தார். அழைத்து வரச்சொன்ன பிறகு சுருதிக்காரரும் வந்து வாசலருகே நின்றார்.

“செஞ்ச ஆள் கிடைச்சாச்சு,” என்றார் அரம். “இந்தக் கூடத்துக்குள்ளயேதான் இருக்காங்க.”

கோட்டுக்காரர் சுருதிக்காரரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“அங்க இல்ல, இங்க பாருங்க,” என்று சிட்டு முன்னால் வந்தாள். “நான்தான். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி ஒரு பட்டறைல வச்சுச் செஞ்சேன். பதினொண்ணும் என் கை. இவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பிறகு அவள் எதிர்பார்த்த சிரிப்பு வந்தது. எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தது.

“துப்பறிய வந்தவங்களே திருடனா! நல்ல நாடகம்மா. இவர்மேல இரக்கப்பட்டுப் பழியை ஏத்துக்கிறீங்க. சரி, நீங்கதான்னே வச்சுக்குவோம். பென்சிலையும் கொண்டை ஊசியையும் வச்சுப் பியானோ பழுது பார்க்கச் சொல்லிக் குடுத்த அந்தப் பட்டறை எது? எந்த மடையன் உங்களுக்கு முதலாளி?”

“தம்பி!” என்றார் வாசலருகே நின்றவர். அறைக்குள் எழாத குரல் இப்போது எழுந்தது. “வேண்டாம். அந்த வார்த்தை வேண்டாம்.”

கோட்டுக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை.

“உங்க அறிக்கைல பன்னிரண்டாவது இடம் விட்டுப்போச்சு,” என்றாள் சிட்டு. அவமானம் உச்சந்தலைக்கு ஏறியபின் அங்கே அச்சத்துக்கு இடமில்லாமல் போயிற்று. “மேலயும் கீழயும் எட்டிப் பார்த்தீங்க. விரல் வச்சு வாசிக்கிற கட்டை ஒண்ணையாவது உருவிப் பார்த்தீங்களா? நடுக்கட்டையை உருவுங்க. அதுக்கு அடியில வட்டமா ஒரு துணி இருக்கும். நீலக் கட்டம் போட்டது. என் பாவாடைல இருந்து வெட்டினது. நான் சொல்றது பொய்யா இருந்தா அந்த உத்தரவுல என் பேரையும் சேர்த்து எழுதுங்க.”

கோட்டுக்காரர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை பியானோவைப் பார்த்தார். வேறு வழியின்றி அவர் கட்டைகளுக்கு முன்னிருந்த பட்டையைக் கழற்றி, நடுக்கட்டையை இரு விரலால் பற்றித் தூக்கினார். கோட்டின் கைப்பட்டியில் ஓராண்டுத் தூசு ஒட்டிற்று.

அடியில் இருந்தது. காசளவு துணி, நிறம் மங்கிய நீலக் கட்டம்.

“துணி இருந்தா…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கட்டையின் பக்கவாட்டில், வெளியே எவர் கண்ணுக்கும் படாத மரத்தில், சிவப்புப் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது. பட்டறைக்காரர்கள் வேலை முடிந்ததும் உள்ளே தேதி குறிப்பது வழக்கந்தான். மற்றவர்கள் முதற்கட்டையில் எழுதுவார்கள். நடுக்கட்டையில் எழுதும் பிடிவாதக்காரர் ஒருவர்தான் இருந்தார்.

“சத்தமா வாசிங்க,” என்றார் அரம். “இன்னும் எனக்குக் கண்ணாடி கிடைக்கல.”

அவர் வாசித்தார். வாசித்த குரலில் கோட்டு இல்லை. “‘அவசர வேலை. ஒரு மாதம் தாங்கும். பிறகு சரியாகச் செய்து தர வேண்டும்.’” கீழே தேதி. அதன் கீழே ஒரு வளைந்த கையெழுத்து. அவருடைய மற்றொரு கை, தான் செய்வது தெரியாமலே, காதிடுக்கிலிருந்த பென்சிலைத் தொட்டது. “இது… இது எங்க அப்பா எழுத்து.”

சிட்டு வாயைப் பிளந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட அந்தப் பெரிய கடைக்கும் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறைக்கும் ஓர் உறவு இருக்கும் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை.

“விறகு பிளக்கவும் தகுதியற்ற கை,” என்று அரம் நிதானமாக எடுத்துக் கொடுத்தார். “பட்டறை வாசற்படியைக்கூட மிதிக்காதவர். மூணாவது வரிதானே? அப்புறம் மடையன்னு வேற சொன்னீங்க. அது அறிக்கைல இல்ல, விட்டுடலாம். ஆனா ஒண்ணு சார். ‘பிறகு’ன்னு உங்க அப்பா எழுதியிருக்காரே, அந்தப் பிறகு இத்தனை வருஷமா உங்க கடைக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. வந்தீங்க. வந்து, காத்திருந்ததை மிதிச்சுட்டுப் போனீங்க.”

கோட்டுக்காரர் வாசலை நோக்கித் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா?” என்றார் சுருதிக்காரரிடம். “இதை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“வருஷா வருஷம் பார்க்கிறேன்பா. கட்டையை உருவாம எப்படித் துடைக்கிறது?”

“அப்போ நான் திட்டினப்போ ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“பத்துப் பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அத்தனை பேர் முன்னாடி உங்க அப்பாவை உங்க வாயாலயே கேவலப்பட வைக்கணுமா? அவர் நல்ல மனுஷர். எனக்கு முதல் முதல்ல தந்தி கடன் குடுத்தவர்.”

தலைமையாசிரியை உத்தரவுத் தாளை இரண்டாகக் கிழித்தார், பிறகு நான்காக, பிறகு, கிழித்தது போதாதென்பதுபோல், மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். “குழுகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்களும் வாங்க,” என்று கோட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். “அறிக்கை உங்களுது. திரும்ப வாங்கிக்கிறதும் நீங்களே சொன்னாத்தான் நல்லா இருக்கும்.”

கோட்டுக்காரர் கட்டையை அதன் இடத்தில் வைத்தார். துணி வட்டம் நகராமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். போகும்போது சிட்டுவின் எதிரே ஒரு கணம் நின்றார். தலை குனிந்துவிட்டு நடந்தார். பின்னால் அரம் போனார், வேலை இன்னும் முடியாதவர்போல. குழுவுக்கும் அவரிடமிருந்து கிடைக்க வேண்டியது கொஞ்சம் மிச்சமிருந்தது.

கூடத்தில் இருவர் எஞ்சினர். சுருதிக்காரர் தம் அறைக்குப் போய், கட்டிவைத்த மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். அறுந்த தந்திக்கு மாற்றாக ஒரு சுருளை எடுத்தார். சிட்டு எதுவும் கேட்காமல் கைவிளக்கைப் பிடித்தாள்.

“பதினொண்ணையும் மாத்திடலாமா சார்?” என்றாள் சற்றுப் பொறுத்து. “இப்போ எல்லாம் கிடைக்குது. நானே வந்து செஞ்சு தரேன்.”

“மாத்தலாம். மெதுவா, ஒவ்வொண்ணா. இன்னைக்கு இந்த ஒண்ணு.”

அவர் உடனே கருவிகளைக் கையிலெடுக்கவில்லை. கைக்குட்டையால் கட்டைகளின் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தார். பிறகு கண்மூடி, அந்த முறம் போன்ற கைகளைக் குவித்து, நெற்றி மரத்தில் படும்வரை தாழ்ந்தார். உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. ஒரு பாடலை முதலிலிருந்து கடைசிவரை மனத்துள் ஓதி முடிக்கும் நேரம் அவர் அப்படியே இருந்தார். சிட்டுவும் விளக்கைத் தாழ்த்திவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

நிமிர்ந்தவர் அவளுடைய இடக்கையைப் பார்த்தார். விரல்களில் இன்னும் தூசு இருந்தது. தம் வலக்கையை அவள் தலைமேல் வைத்தார்.

“நல்லா இரும்மா. இந்தக் கை தொட்டதெல்லாம் நிலைச்சு நிக்கட்டும்.”